ராத்திரி சப்பாத்தியும் சீலியாக் நோயும்

"கோதுமை ஒத்துக்கலைன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே, நமக்குத்தான் இட்லி தோசை இருக்கே!" கோதுமையில் உள்ள ஒரு புரதத்தால் சிறுகுடல் கெட்டுப்போகும் சீலியாக் நோய் என்று பேச்செடுத்தால் நம்மூரில் பெரும்பாலானவர்கள் சொல்வது இதைத்தான். அதில் பாதி சரி. கோதுமையை விட்டால் நோய் அடங்கிவிடும். ஆனால் கோதுமையை 'விடுவது' என்றால் என்ன என்பதை எங்கள் வீட்டில் படிப்படியாகத்தான் புரிந்துகொண்டோம். இட்லி தோசைக்குள்ளேயே அது ஒளிந்திருந்த கதையைப் பின்னால் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. வீட்டில் வந்துவிட்டதால் தேடிப் பிடித்துப் படித்தவள், அவ்வளவுதான்.

அக்கா கல்யாணமாகி டெல்லிக்குப் பக்கத்தில் ஃபரிதாபாத் போனவள். காலையில் ஆலு பராட்டா, மதியம் டப்பாவில் சப்பாத்தி, ராத்திரியும் சப்பாத்தி. அரிசிச் சோறு அங்கே ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். அவள் பெண் அங்கேயே பிறந்து அதே சாப்பாட்டில் வளர்ந்தாள். மூன்று வயது வரை கொழுகொழுவென்று இருந்த குழந்தை, அப்புறம் சவலைப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல், எந்நேரமும் சிணுங்கல். லீவுக்குக் கும்பகோணம் வந்தால் அம்மா திருஷ்டி சுற்றிப் போடுவாள், மாந்தம் என்று வசம்பு உரைத்துக் கொடுப்பாள். அங்கே டாக்டர் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து சிரப்பும் எழுதிக் கொடுத்தார். பெரிதாக வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாததால் யாருக்கும் குடல்மேல் சந்தேகம் வரவில்லை. ஸ்கூல் பிரேயரில் உயர வரிசைப்படி நிற்க வைப்பார்களே, அதில் வருஷா வருஷம் முன்னால் தள்ளப்பட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஏழு வயது ஆனபோது, 'ஏன் வளரவில்லை' என்று பார்க்கப்போன இடத்தில் ஒரு டாக்டர் ரத்தத்தில் சீலியாக்கைத் தேடும் டிடிஜி என்ற டெஸ்ட் எடுத்துவரச் சொன்னார். அளவு எக்கச்சக்கம். எண்டோஸ்கோபி செய்து குடலிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகள் எடுத்துப் பார்த்ததில் உறுதியாகிவிட்டது.

கோதுமையில் உள்ள புரதத் தொகுப்புக்குக் குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாஸ்டர் மைதாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது அதுதான். பார்லியிலும், ஐரோப்பாவில் ரொட்டிக்குப் பயன்படுத்தும் ரை தானியத்திலும் இதற்கு நெருங்கிய உறவான புரதங்கள் இருக்கின்றன. இவற்றில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் ரொம்ப அதிகம். புரோலின் நெருக்கமாக இருக்கும் இடத்தில் நம் செரிமான நொதிகளால் வெட்ட முடியாது. ஆகவே யார் கோதுமை சாப்பிட்டாலும் சில துண்டுகள் முழுசாகச் செரிக்காமல் சிறுகுடலில் கிடக்கும். 2002-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படி வெட்டுப்படாமல் நிற்கும் 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை அடையாளம் காட்டினார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. வந்த வழியே போய்விடும்.

சிலருக்கு மட்டும் அங்கே சிக்கல் ஆரம்பிக்கிறது. குடல் சுவரைத் தாண்டி உள்ளே போகும் அந்தத் துண்டை, டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ், சுருக்கமாக டிடிஜி, என்ற நொதி எதிர்கொள்கிறது. காயம் ஆற உதவுவது போன்ற நல்ல வேலைகளைச் செய்கிற நொதி அது. துண்டில் உள்ள குளூட்டமினை அது குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. வினை தொடங்குவது இந்தச் சின்ன மாற்றத்தில்தான். எச்எல்ஏ-டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு அணுக்களில், மாறிய துண்டு கச்சிதமாகப் போய் உட்காரும்படி ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் பார்க்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள், எதிரி வந்துவிட்டான் என்று எழும்புகின்றன. அடி விழுவதெல்லாம் நம் குடல்மேல். கூடவே அந்த நொதிக்கு எதிராகவும் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. டிடிஜி டெஸ்ட் தேடுவது இந்த எதிர்ப்பொருளைத்தான். நொதியே இலக்காகிறது என்பதை ஜெர்மனியில் 1997-ல் கண்டுபிடித்த பிறகுதான் இந்த டெஸ்ட் சாத்தியமாயிற்று. ஆகவே இது அலர்ஜி இல்லை. கோதுமை அலர்ஜி என்று தனியாக ஒன்று இருக்கிறது. தடிப்பு, மூச்சுத் திணறல் என்று சில நிமிடங்களிலேயே ஆளைப் பிடிக்கும். சீலியாக், உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் வகை. சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் நடக்கும்.

அடி எங்கே விழுகிறது என்பதைப் பார்த்தால் விளைவுகள் தாமாகவே புரியும். சிறுகுடலின் உட்சுவர் முழுக்கக் குடலுறிஞ்சிகள் என்ற நுண்ணிய நீட்சிகள் இருக்கின்றன. சத்தை இழுப்பது அவைதான். நோய் முற்றும்போது, பழைய பூத்துவாலையில் நூல்கண்ணிகள் தேய்ந்து வெறும் துணியாவது போல அந்தச் சுவர் மழுங்கிவிடுகிறது. முதலில் அடிபடுவது வயிற்றை ஒட்டிய மேல்பகுதி. இரும்புச்சத்தும் கால்சியமும் பெரும்பாலும் உடம்புக்குள் போவது அந்த இடத்தில்தான். அதனால்தான் பெரியவர்களில் பலருக்கு இந்த நோய் வயிற்று உபாதையாக வராமல் ரத்தசோகையாக வருகிறது. எலும்பு மெலிகிறது. ஃபோலிக் அமிலம் குறைகிறது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சியின் நுனியில் இருப்பதால், பால் குடித்தாலும் வயிறு பொருமும். குழந்தைகளுக்கு உயரம் நின்றுபோகும், பூப்படைவது தள்ளிப்போகும், பல்லின் எனாமல் சரியாக உருவாகாது. வாய்ப்புண் மாறி மாறி வரும். கருத்தரிப்பதில் தாமதம், கருச்சிதைவு, காரணம் தெரியாமல் ஏறி நிற்கும் கல்லீரல் நொதிகள், நடையில் தள்ளாட்டம், கால் மரத்துப்போதல் என்று பட்டியல் நீளும். முழங்கை, முழங்கால், புட்டத்தில் கொத்துக் கொத்தாக அரிக்கும் கொப்புளம் வருகிற ஒரு தோல் வியாதியும் இதே நோயின் இன்னொரு முகம். கவனிக்காமலே விட்டால், அபூர்வமாகக் குடலில் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்வரை போகலாம். இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அது உண்மையிலேயே அபூர்வம்.

உணவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று முதலில் உரக்கச் சொன்னவர் லண்டனைச் சேர்ந்த சாமுவேல் கீ. குழந்தைகள் மருத்துவமனையில் தான் பார்த்ததை வைத்து 1888-ல் எழுதிய கட்டுரையில், இந்தக் குழந்தைகளைக் குணப்படுத்த முடியுமென்றால் அது சாப்பாட்டால்தான் முடியும் என்றார். ஆனால் எந்தச் சாப்பாடு என்று அவருக்குப் பிடிபடவில்லை. தினமும் டச்சு சிப்பிகளைத் தின்று தேறிய ஒரு குழந்தை, சிப்பி சீசன் முடிந்ததும் மறுபடி படுத்துவிட்டதாம். சிப்பியைப் பார்த்தாரே தவிர, சிப்பி தின்ற நாளில் எதைத் தின்னவில்லை என்று பார்க்கவில்லை. அப்புறம் 1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியத்தைக் கொண்டுவந்தார். குழந்தைகள் பிழைத்தார்கள். வாழைப்பழத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. வயிற்றுக்குள் போகாத ரொட்டியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. குணமாகிவிட்டது என்று நம்பித் திரும்ப ரொட்டிக்குப் போனவர்களின் குடல் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே. ஹேக் நகரில் வேலை பார்த்தவர். ரொட்டியை நிறுத்தினால் சில குழந்தைகள் தேறுகிறார்கள் என்ற சந்தேகம் 1930-களிலேயே அவருக்கு இருந்தது. 1944 - 45 குளிர்காலத்தில் ஜெர்மன் படைகள் உணவு வரத்தை அடைத்தன. டச்சு மக்கள் டூலிப் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். ஏறக்குறைய 20,000 பேர் பட்டினியால் செத்தார்கள். ஊரே வற்றிக்கொண்டிருந்தபோது டிக்கேயின் சீலியாக் குழந்தைகள் முன்பைவிட நன்றாக இருந்தார்கள். விடுதலை நெருங்கி ரொட்டி மறுபடி ஊருக்குள் வந்தது. குழந்தைகள் மறுபடி சீக்கில் விழுந்தார்கள். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைதான் இது. ஆனால் அவரைப் பற்றி எனக்குப் பிடித்தது, கதையோடு நிற்காததுதான். போருக்குப் பின் ஃபான் டெ காமர், வெய்யர்ஸ் என்ற சகாக்களோடு சேர்ந்து, குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், மலத்தில் வெளியேறும் கொழுப்பை ஒவ்வொரு நாளாக அளந்தார். உறிஞ்சப்படாத கொழுப்பு வெளியே வரும் என்பது கணக்கு. கோதுமையும் ரையும் கொடுத்தால் கொழுப்பு ஏறியது, அரிசி கொடுத்தால் ஏறவில்லை. 1950-ல் அது அவருடைய ஆய்வேடாக வந்தது. மாவில் கெடுதல் செய்வது ஸ்டார்ச் அல்ல, புரதம்தான் என்பதும் அதே குழுவின் வேலையில் தெளிவாயிற்று. குடலுறிஞ்சி மழுங்கிப்போவதை அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

சரி, அரிசிதான் நம் சாப்பாடு. அப்படியென்றால் நமக்கு வராதா?

2016-ல் வெளியான ஓர் ஆய்வைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான ஆர்வமே வந்தது. பி. எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியா முதலானவர்கள் செய்தது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என்று மூன்று பகுதிகளில் 23,000-க்கும் அதிகமான பெரியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்! ஆனால் மரபணுவைப் பார்த்தால் கதை வேறு. டிக்யூ2 அல்லது டிக்யூ8 உள்ளவர்கள் வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4. நம் உடம்பும் அவர்கள் உடம்பும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமைதான் வேறு: வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம்.

'அடிப்படை இருக்கிறது, கோதுமைதான் இல்லை' என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வடகிழக்கின் கணக்கு இடிக்கிறது. அங்கே சாப்பிடும் கோதுமை 37 கிராம், நம்மைவிட ஒரு பிடிதான் அதிகம். மரபணு உள்ளவர்களோ 31.4 சதவீதம், நம்மைவிடக் குறைவு. எதிர்ப்பொருள் மட்டும் எட்டு ஒன்பது மடங்கு. ஆகக் கோதுமையின் அளவு மட்டும் காரணமில்லை.

ஃபின்லாந்தையும் அதை ஒட்டிய ரஷ்யக் கரேலியாவையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. எல்லைக்கு இரு பக்கமும் மரபணு ஏறக்குறைய ஒன்று, இரு பக்கமும் கோதுமை உண்டு. ஆனால் ஃபின்லாந்துக் குழந்தைகளில் நூற்றியேழில் ஒருவருக்கு நோய் இருந்தது, ரஷ்யப் பக்கம் ஏறக்குறைய ஐந்நூற்றில் ஒருவருக்கு. வளரும் சூழலும் பழகும் கிருமிகளும் ஏதோ செய்கின்றன என்றுதான் இதிலிருந்து நினைக்க வேண்டியிருக்கிறது. ரியோவைரஸ் என்ற அப்பாவிக் கிருமித் தொற்றுகூட, எலிகளில், குளூட்டனைச் சகித்துக்கொள்ளும் தன்மையைக் கெடுத்துவிடும் என்று 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஸ்வீடனில் 1980-களின் நடுவிலிருந்து 1990-களின் நடுவரை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இந்த நோய் திடீரென்று பல மடங்கு பெருகி, அப்புறம் இறங்கியது. குழந்தை உணவில் மாவு சேர்த்த விதமும் அளவும் மாறியதோடு அதை இணைத்துப் பார்க்கிறார்கள். மறுபக்கம், மேற்கு சஹாராவின் சஹராவிக் குழந்தைகளில் 5.6 சதவீதம் பேருக்கு இது இருந்தது. மரபணு உள்ளவர்கள் மிக அதிகமான, ஒட்டகப் பாலும் பேரீச்சையும் தின்று வாழ்ந்த சமூகத்துக்குக் கோதுமை மாவு முக்கிய உணவாகிப்போன இடம் அது. இரட்டையர்களைப் பார்த்தால், ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் பெரும்பாலும் மற்றவருக்கும் இருக்கிறது. ஆனால் எப்போதும் இல்லை.

மரபணு இருந்தும் நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூற்றேழு பேருக்கு வாழ்நாள் முழுக்க எதுவும் வருவதில்லை. இது ஆறுதல். ஆனால் நம்மூர்ச் சாப்பாடு 25 கிராமிலேயே நிற்கிறதா என்ன? காலையில் கோதுமை ரவை உப்புமா, சாயங்காலம் பரோட்டா, குழந்தைக்கு நூடுல்ஸ், டீக்குக் கூட பிஸ்கட். எல்லாவற்றுக்கும் மேல், சுகர் வந்துவிட்டால் ராத்திரி சப்பாத்தி என்பது தமிழ்நாட்டில் எழுதப்படாத சட்டம். அரிசிச் சோற்றுக்குப் பதில் மூன்று சப்பாத்தி தின்றால் சர்க்கரை குறைந்துவிடும் என்று யார் ஆரம்பித்தார்களோ! சர்க்கரை குறைவது பெரும்பாலும் அளவு குறைந்ததால்தான், மாவு மாறியதால் மட்டும் அல்ல. அதிலும் சின்ன வயதிலேயே இன்சுலின் போட வேண்டிவரும் முதல் வகை நீரிழிவும் சீலியாக்கும் கைகோத்துக்கொண்டு வரும் வியாதிகள். தைராய்டும் அப்படித்தான். அந்தக் குழந்தைகளுக்குச் சப்பாத்தியைச் சிபாரிசு செய்வதற்கு முன்னால் ஒரு டிடிஜி பார்ப்பதில் தப்பே இல்லை.

தெற்கே இதைச் சந்தேகிக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குடலுறிஞ்சி மழுங்கியிருந்தால் அது சீலியாக்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற வியாதியிலும் அப்படித்தான் இருக்கும். 1960-களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் அது கொள்ளைநோயாகவே வந்துபோனது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அது டெட்ராசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் அடங்கிவிடும். குடல் காசநோயும் இங்கே சாதாரணம். சத்து ஏறாத ஒரு நோயாளி வந்தால் டாக்டரின் மனதில் முதலில் வருவது இவைதான். வருவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பட்டியலின் கடைசியில்கூட சீலியாக் இல்லாமல் போவதுதான் வருத்தம்.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இது இருக்க வாய்ப்புண்டு என்பதால், குழந்தைக்குத் தெரிந்ததும் குடும்பத்துக்கே டெஸ்ட் எழுதினார்கள். அக்கா வீட்டுக்காரருக்கு இல்லை. எனக்கு இல்லை. அக்காவுக்கு இருந்தது. வயிற்றில் அவளுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து ரத்தசோகை மட்டும். ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டாது. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறது என்றார்கள், கீரை சாப்பிடு என்றார்கள், மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று திட்டினார்கள். அவள் ஒழுங்காகத்தான் போட்டாள். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, வெல்லம் எல்லாம் தின்றாள். எதுவும் ஏறவில்லை. இரும்பை நரம்பு வழியாக ஊசியில் ஏற்றினால் மட்டும் சட்டென்று ஏறும், சில மாதத்தில் இறங்கிவிடும். வாயால் கொடுத்தால் ஏறவில்லை, ரத்தத்தில் நேராகக் கொடுத்தால் ஏறுகிறது என்றால் நடுவில் உள்ள குடல் வாங்கவில்லை என்று அர்த்தம். இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! படித்த டாக்டர்கள் எத்தனை பேர் அந்த ஃபைலைப் புரட்டினார்கள். ஆம்பளைக்கு ஹீமோகுளோபின் எட்டு என்றால் மேலும் கீழும் குழாய் விட்டுப் பார்த்திருப்பார்கள். பொம்பளைக்கு என்றால் அது இயல்பு. இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இதற்கு நேர் எதிரான கூத்து ஒன்றும் நடக்கிறது. யூடியூபைப் பார்த்துவிட்டு 'குளூட்டன் ஃப்ரீ' ஆகிறவர்கள். சூப்பர் மார்க்கெட்டில் அரிசிப் பையிலும் நெய் பாட்டிலிலும் அந்த லேபிளைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. நெய்யில் எப்போதடா குளூட்டன் இருந்தது? நோய் இல்லாதவர்கள் கோதுமையை விடுவது அவரவர் விருப்பம். ஆனால் நிஜமாகவே நோய் இருக்கும் ஒருவர் டெஸ்ட் எடுக்காமல் கோதுமையை நிறுத்திவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடலும் ஆற ஆரம்பித்துவிடும். அப்புறம் டெஸ்ட் எடுத்தால் 'இல்லை' என்று வரும். உறுதி செய்ய வேண்டுமென்றால் மறுபடி வாரக்கணக்கில் கோதுமை தின்ன வேண்டும், அது நரகம். ஆகவே டெஸ்ட் முடியும்வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள். டிடிஜி-ஐஜிஏ பார்க்கும்போது மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை, சிலருக்கு அதுவே சுரக்காது. அவர்களுக்கு டெஸ்ட் பொய்யாக 'இல்லை' என்று சொல்லும்.

வைத்தியம் என்று இன்றைக்கு இருப்பது ஒன்றுதான், ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு. மாத்திரை கிடையாது. கொஞ்சமாக என்ற பேச்சும் கிடையாது. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் சில மாதம் போனாலே குடல் கெடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். ஒரு சப்பாத்தியில் இருப்பது கிராம் கணக்கு. பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்கேயும் விதி.

அக்கா குழந்தையைக் கூட்டிக்கொண்டு கும்பகோணம் வந்தபோது, அப்பாடா நம்ம ஊர்ச் சாப்பாடு, பயமில்லை என்று இருந்தோம். அரிசி, ராகி, கம்பு, சாமை, தினை, வரகு, உளுந்து, பருப்பு எதிலும் குளூட்டன் இல்லை. வந்த முதல் வாரத்திலேயே குழந்தைக்கு வயிறு உப்பிக்கொண்டது. அம்மா செய்ததெல்லாம் சாம்பார், ரசம், இட்லி, கூட்டு. அக்கா சமையல்கட்டில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். முதல் சொல்லே கோதுமை மாவு. அப்புறம் வேலம்பிசின். பெருங்காயம் கடைசியில்.

"ஏண்டி, பெருங்காயத்துல எதுக்குடி கோதுமை?" என்றாள் அம்மா.

"சுத்தப் பெருங்காயம் பிசின்மா, காரம் தாங்காது. மாவு கலந்துதான் விக்கறாங்க."

"இத்தன வருஷமா கோதுமைக்குக் காசு குடுத்திருக்கேனா அப்ப?"

கிள்ளிப் போடுவது துளிதான், பாத்திரம் முழுக்கப் பரவினால் ஒரு ஆளுக்கு வருவது இன்னும் துளி. குழந்தையின் வயிற்றுக்கு அது ஒன்றே காரணம் என்று நான் நம்பவில்லை. மில்லும் இருந்தது. தெருமுனை மாவு மில்லில் முன்னால் நிற்கும் ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போவார், அதே கல்லில் நம் அரிசியும் மிளகாய்த்தூளும் விழும். முதலில் விழும் பிடி மாவு நிறம் மாறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அம்மா பால் பெருங்காயம் வாங்கி வறுத்துப் பொடித்துக்கொள்கிறாள், சாம்பார்ப் பொடியை மிக்ஸியிலேயே அரைக்கிறாள். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பதில்லை.

வெளியே சாப்பிடுவதுதான் வம்பு. ரவா தோசையில் ரவையும் மைதாவும், சேமியா பாயசம், கோயில் கேசரி, சோயா சாஸ் ஊற்றிய ஃபிரைட் ரைஸ், மால்ட் சேர்த்த சத்துபானம், எல்லாத் தானியத்தையும் வறுத்துப் போட்ட சத்துமாவு. கல்யாணப் பந்தியில் 'கொஞ்சம் வச்சுக்கோம்மா, ஒண்ணும் ஆகாது' என்று இலையில் போட்டுவிட்டுப் போகிறவர்களிடம் சண்டை போட முடியாது. எங்கள் பக்கத்து வீட்டில் கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, சர்ச் பூசையில் தரும் நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும், குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதியாம். 2017-ல் ரோமிலிருந்து ஆயர்களுக்கு இதை மறுபடி நினைவூட்டிக் கடிதம் போனது. குளூட்டன் மிகக் குறைத்த அப்பம் செல்லும். திராட்சை இரசம் மட்டும் வாங்கிக்கொள்வதும் செல்லும்.

குழந்தைக்கு இப்போது பதினான்கு வயது. கோதுமையை நிறுத்திய சில வாரத்திலேயே சிணுங்கல் போய்விட்டது, ஒரு வருஷத்தில் உயரம் பிடித்துக்கொண்டது. குழந்தைகளின் குடல் சீக்கிரம் ஆறிவிடும், பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அக்காவின் ஹீமோகுளோபின் முதல் தடவையாகப் பன்னிரண்டைத் தொட்டது. அந்த நொதியையே தடுக்கும் ஒரு மருந்தைச் சோதித்து, 2021-ல் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். கடைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது அம்மா. எழுபத்திரண்டு வயது. சுகர், எலும்பு மெலிவு, போன வருஷம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிவு. சுகர் வந்ததிலிருந்து தினமும் ராத்திரி சப்பாத்திதான், ஆகவே டெஸ்ட் எடுக்க ஒரு தடையும் இல்லை. அக்காவும் நானும் மாறி மாறிக் கெஞ்சியாயிற்று.

"இருக்குன்னு வந்தா என்ன பண்ணுவ?"

"சப்பாத்திய நிறுத்தணும்மா."

"ராத்திரிக்கு அப்ப என்னத்தைத் திங்கறது?"

"ரெண்டு இட்லி, தோசை ஏதாவது."

"இட்லி தோசை தின்னா சுகர் ஏறும்னு சப்பாத்திக்கட்டைய என் கையில குடுத்தவளே நீதாண்டி."

வியாழக்கிழமை சுகர் டெஸ்டுக்கு லேப் பையன் வீட்டுக்கு வருகிறான். டிடிஜிக்கும் சேர்த்து எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.